சேத மதிப்பீடு

வியாழன் நாலரை மணி.
பம்பலப்பிட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
படியேறும்போது கீழே யாரோ
எழுத்துப் பலகையை உரத்து வாசிக்கிறார்.
கடைசி வரி எப்போதும் பிழைக்கிறது.

ருஷ்தா தாளொன்றை நீட்டுவா.
இந்தக் கிழமையின் பயத்துக்குப்
பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்.
நான் காப்புறுதிக்காரன்.
நெளிந்த பொனட், சிதறிய கண்ணாடி,
களனி வெள்ளத்தில் ஊறிய சீற்,
இருபத்திரண்டு வருடமாய்
எல்லாவற்றுக்கும் எண் போட்டவன்.
ஏழு என்று எழுதினேன்.

"ஏழு எங்க ஈக்குது?"
"விளங்கேல்லை."
"ஒடம்புல. எங்க?"

பயத்திடம் விலாசம் கேட்ட முதல் ஆள் அவ.

ஞாயிறுகளில் கொட்டாஞ்சேனையில்
டியூட்டரி ஒன்றின் பின்னறையில்
எட்டுப்பேர் கண்மூடி இருக்கிறோம்.
வெண்பலகையில் யாரும் அழிக்காத இயற்கணிதம்.
'நான் ஆர்?' என்று உள்ளே கேட்பது,
வருகிற பதில் எதுவானாலும்
திருப்பி அனுப்புவது.
எனக்கது சுலபம்.
கோரிக்கைகளை நிராகரிப்பதில்
எங்கள் கிளையில் நான்தான் முதல்.

கோபமா? ஆருக்கு? நிராகரி.
மகள் மூன்று மாதமாய்ச் சிட்னியிலிருந்து எடுக்கவில்லையா?
நோவது ஆருக்கு? நிராகரி.
கௌரி என் பிறஷர்க் குளிசையை
மேசையில் டக்கென வைத்துவிட்டு
ஏதோ சொல்ல வந்து நின்றாள், ஒருநாள்.
அவளையும்.

ஒன்பது வருடம்.
குழுவில் என்னைச் சாந்தமானவர் என்றார்கள்.

மார்ச் மாதம், நூறாம் இலக்க பஸ்ஸில்,
தெகிவளைப் பாலத்துக்குக் கிட்ட
சாந்தமானவருக்கு மூச்சு முட்டியது.
"மாத்தயா, மாத்தயா" என்று கொண்டக்டர்
தன் தண்ணீர்ப் போத்தலை என் வாயில் சரித்தான்.
அந்த நேரம் 'ஆருக்கு?' என்று கேட்க
உள்ளே ஒருத்தருமில்லை.
நெஞ்சு மட்டும் இருந்தது,
மீன் மாதிரி.

இதெல்லாம் சொன்னேன்.
ருஷ்தா பேனையை மூடினா.
"கேள்வி நல்ல கேள்விதான்.
ஆனா நீங்க அதக் கேக்கல்ல.
அதுக்குப் பின்னால ஒளிஞ்சி இருந்தீங்க."

கோபம் வந்தது.
இம்முறை அதை எங்கும் அனுப்பவில்லை.
கதிரையில் எனக்குப் பக்கத்தில்
அதுவும் இருந்தது, ஒரு நாலு நிமிடம்.
பிறகு கழுத்தின் இடப்பக்கம்
ஒரு சத்தம்:
இரும்புக் கொளுக்கி, கேட்டில்.

அப்பா.
வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒவ்வொரு இரவும்
மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார்.
என்ன வருமென்று சொன்னதில்லை,
நாங்களும் கேட்டதில்லை.
ஆள் போய் முப்பது வருடம்.
அதே ஒழுங்கையில் அதே மூன்று தரம்
நான் இழுக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு:
வண்டி ஆருடையது என்று பார்க்க முன்னம்
வண்டியைப் பார்.
கீழே குனி. கையை விடு.
கிறீஸ் பிரளட்டும்.
புதிதாய்ச் சேரும் பெடியளுக்கு
இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்றிரவு பதினொன்று.
கேட்டடியில் முதல் தரம் இழுத்தேன், எனக்காக.
இரண்டாம் தரம் அவருக்காக;
அவருடைய பயத்தை முதன்முதலாய்
முழுக்கப் பார்த்தேன்.
சின்னது. உள்பெனியன் போட்டிருந்தது.
மூன்றாவதுக்குக் கை போனது,
போன கை கொளுக்கியிலேயே நின்றது.

கடற்பக்கம் கடைசிக் கோச்சி போய்க்கொண்டிருந்தது.
நான் கேட்காமலே
கேள்வி தானாய் வந்தது:
இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கிறது ஆர்?
பதிலைத் தேடவில்லை.
முத்திரைப் பெட்டியையும் திறக்கவில்லை.
உப்புக்காற்று. துரு மணத்தது கை.

"பூட்டியாச்சோ?" உள்ளே இருந்து கௌரி.

"ஓம்" என்றேன்.
வழமையைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது.
"என்னப்பா, என்ன?" என்று அவள் எழும்பி வர,
சொல்லத் தெரியாமல்
அன்று குளிசையோடு சொல்ல வந்தது என்னவென்று
அவளைக் கேட்டேன்.